நத்தைக் கட்டுரையின் ஒரே வாசகர்

வரவேண்டிய கோரிக்கை இந்த மாதமும் வரவில்லை. ஓய்வு பெற்ற பேராசிரியர் லியூபென் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, பிளோவ்திவ் நகரில் தாம் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கே வந்துவிட்டார்.

“என் நத்தைக் கட்டுரையை மாசாமாசம் ஒருத்தர் கேப்பார், யோர்தாங்கா. ரெண்டு மாசமா கேக்கல. எங்க கோளாறுன்னு பாரு.”

நூலகர் யோர்தாங்காவுக்குச் சிரிப்பு வந்தது. “இருந்த ஒரே ரசிகரும் போயிட்டாரா, புரொபசர்?”

அவர் சிரிக்கவில்லை. மரத்துப்போன முகத்தோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் இணையதளம் அது. முழுக் கட்டுரை அங்கே இல்லையென்றால் ‘ஆசிரியரிடம் கேள்’ என்று ஒரு பொத்தான் தெரியும். அதை அழுத்தினால் எழுதியவருக்கு மின்னஞ்சல் போகும். அவர் பார்த்துத் தம் கையால் அனுப்பிவைக்க வேண்டும்.

பழைய கோரிக்கைகள் எல்லாமே ரூசே நகரத்திலிருந்து, ஒரே ஆளிடமிருந்து வந்தவை. பெயருக்குப் பதில் இரண்டு எழுத்து, தொழில் ‘லிஃப்ட் பழுது பார்ப்பவர்’. எதிலும் ஒரு வரிகூட எழுதவில்லை. பேராசிரியர் அனுப்பிய பதில்களிலும் கட்டுரை மட்டும்தான் இருந்தது, ஒரு வணக்கம்கூட இல்லை.

“லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்கு வயல் நத்தை எதுக்கு? அதுவும் அதே கட்டுரை, மாசாமாசம்! படிக்கிறாரா, இல்ல சூப்பு வைக்கிறாரா?”

“ஏன் வரலைன்னு மட்டும் சொல்லு.”

அவள் கட்டுரையின் பக்கத்தைத் திறந்தாள். உடனே நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

“அட, நான் பண்ண வேலைதான்! ஓய்வு பெற்றவங்க கட்டுரையை எல்லாம் ஜனவரியில ஏத்திவிட்டேன். கட்டுரை உள்ள வந்ததும் ‘கேள்’ங்கிற பொத்தான் போயிடும், ‘இறக்கிக்கொள்’னு வந்துடும். இனி யாரும் உங்களைக் கேக்கவே வேண்டாம். அழுத்தினா தானா இறங்கிடும்.”

“அவர் இறக்கிக்கிட்டாரா?”

“பேரு தெரியாது, ஊர்தான் காட்டும். இதோ, ரூசே! நேத்து மட்டும் நாலு தடவை. அவ்வளவு ஆசை பாருங்க.”

பேராசிரியர் நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். அவள் நீட்டிய காபியை வாங்கினார், குடிக்கவில்லை.

“எடுத்துடு” என்றார்.

“எதை?”

“கட்டுரையை. பழையபடி என்கிட்டயே கேக்கட்டும்.”

“என்ன புரொபசர் இது! இப்ப உலகமே படிக்கலாம். ஒருத்தர் வந்து உங்களைக் கெஞ்சணும்னு எல்லாருக்கும் மூடுவீங்களா? இவ்வளவு பெருமை ஆகாது.”

அவர் தலையை ஒருமுறை மேலே நிமிர்த்தினார், அந்த ஊர் வழக்கத்தில் ‘இல்லை’ என்று.

“அவன் என் தம்பி. அப்பா வீட்டை வித்த நாள்லேர்ந்து பேச்சு இல்ல.” குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “அவன் கேட்டா அவன் உயிரோட இருக்கான். நான் அனுப்பினா நான் இருக்கேன்.”