முதலாளியின் நாற்காலி

அந்தத் தொழிற்சாலையில் முதலாளி முன்னால் யாரும் உட்காரக் கூடாது. அவருக்கென்று புது நாற்காலி வரைந்தவள் அமுதவல்லி. வரைபடக் கோப்பை எந்திரத்துக்கான மென்பொருளுக்கு மாற்றியபோது மில்லிமீட்டரெல்லாம் அங்குலமாகிவிட்டது. எந்திரங்கள் மறுபேச்சில்லாமல் அறுத்து இழைத்துத் தள்ளின. முற்றத்தில் வானத்தை முட்டிக்கொண்டு நின்றது நாற்காலி.

“ஒன் சீட்டைக் கிழிக்கிறேன் பாரு!” என்று முதலாளி கத்தினார்.

வேலை போகிறதுதான் போகிறது என்று அமுதவல்லி நாற்காலியைச் சுற்றிக் கட்டியிருந்த சாரத்தில் ஏறி, நாலு மாடி உயரத்தில் இருந்த அதன் இருக்கையில், காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். என்ன காற்று! பின்னாலேயே வெல்டர்கள், கணக்கர், காவல்காரர் என்று ஒவ்வொருவராக ஏறி அவளருகே அமர்ந்தார்கள்.

“மேல வாங்க சார்!” என்று அவள் குரல் கொடுத்தாள். “இன்னும் எவ்வளவோ எடம் இருக்கு.”

நின்றுகொண்டிருந்தது முதலாளி மட்டும்தான். அண்ணாந்து பார்த்தவர், மெல்லக் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.