கழுத்துக் கருப்பு

பெனிட்டாவின் பின்கழுத்துக் கருப்பை அழுக்கென்றே நினைத்திருந்தாள் அவள் அம்மா ஜெசிந்தா. ஞாயிறுதோறும் கடலைமாவும் எலுமிச்சையும் வைத்துத் தோல் சிவக்கத் தேய்ப்பாள். பள்ளியில் செய்யும் கேலி பொறுக்காமல் மகளும் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து கொடுப்பாள். புண்ணான பிறகுதான் டாக்டரிடம் போனார்கள்.

“இது அழுக்கு இல்லம்மா. இன்சுலின் நிறையச் சுரக்குது, ஆனா உடம்பு அதுக்குக் கட்டுப்பட மாட்டேங்குது. அதோட அடையாளம் இது. இப்பவே கவனிச்சா சர்க்கரை வராம பாத்துக்கலாம்” என்ற டாக்டர், “உங்க கழுத்தையும் காட்டுங்க” என்றார்.

ஜெசிந்தா முந்தானையைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டாள். பெனிட்டாதான் மெல்ல விலக்கிப் பார்த்தாள். அங்கேயும் அதே கருப்பு. நடுவே வெளுத்துப்போன பழைய தழும்புகள்.

“உனக்கு யாரும்மா தேய்ச்சா?”