டேப்பின் மறுபக்கம்

பிள்ளைப்பாக்கம் தையல்காரர் தசரதனின் மேசை நிறையப் பழுப்புத் துணி. நெல்வயலைத் தாண்டி வரும் சாயங்கால வெயில், இப்போதுதான் வெட்டி முடித்த இறக்கைகளின் மேல் ஏறுகிறது. நாளை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. உலகத்திலேயே பெரிய பட்டாம்பூச்சியை நிஜ அளவில் செய்யச் சொல்லியிருந்த மெர்சி டீச்சர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். "இன்னாங்க இது, கழுகாட்டம் கீது!" "நீங்கதானே டீச்சர் இருபத்தெட்டுன்னு சொன்னீங்க?" "ஐயோ, இருபத்தெட்டு சென்டிமீட்டருங்க!" தசரதன் கழுத்தில் தொங்கும் டேப்பைப் பார்க்கிறார். ரவிக்கைக்கும் சட்டைக்கும் இன்ச் பக்கமே போதும். மறுபக்கத்தை அவர் திருப்பியதே இல்லை. இப்போது திருப்புகிறார். மிச்சத் துணியில் சாக்பீஸ் கோடு விழுகிறது, கத்தரிக்கோல் சரசரவென்று ஓடுகிறது, நடுவில் மஞ்சள் துணியைச் சுருட்டி உடம்பாக வைத்துத் தைக்கிறார். டீச்சர் அதன்மேல் கையை விரித்துப் பார்க்கிறார். ஒரு சாண் போய், இன்னும் நாலு விரல் நிற்கிறது. "நியூகினி காட்டுல இது உசுரோட பறக்குதுங்க!" என்கிறார், குரல் கடைத்தெரு வரை கேட்கிறது. தசரதன் அதை எடுத்துத் தன் சட்டைமேல் வைத்துக்கொள்கிறார். மார்பே மறைந்துபோகிறது. "அந்தப் பெருசு வெறும் துணி டீச்சர். இத்தப் பாத்தாதான் புல்லரிக்குது." மேலே மின்விசிறி சுழல்கிறது. இறக்கை இரண்டும் மெல்ல எழுந்து தணிகின்றன. தசரதன் அசையாமல் நிற்கிறார், மூச்சுகூட விடவில்லை. "டீச்சர்," என்கிறார் கிசுகிசுப்பாக, "கொஞ்சம் மெதுவா பேசுங்க."