இரண்டு ஆராய்ச்சிகளும் வெற்றி

கணினித் திரையில் பச்சைக் கோடு வாரம் முழுக்க அடக்க ஒடுக்கமாக ஒரே உயரத்தில் போய்க்கொண்டிருந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை ராத்திரி திடீரென்று கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியிருந்தது.

இதய டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இதயம் பலவீனமானவர்களை தினமும் நடக்கவைத்தால் தேறுவார்களா என்பது அந்த அம்மையாரின் ஆராய்ச்சி. ஆள் நடந்தால்தானே தேறுவதற்கு? சேர்ந்தவர்களில் பாதிப் பேர் நடையைக் கணக்கெடுக்கும் பட்டையைக் காலில் கட்டிக்கொண்டு சாவகாசமாகத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதையும் பட்டை ஒளிக்காமல் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் மாட்டு டாக்டர். நோயாளிதான். ஆனால் அவர் காதுபட அப்படிச் சொல்லிவிடக் கூடாது.

அவரும் ஆராய்ச்சிக்காரர். கன்று போட்ட பிறகு பருவத்துக்கே வராமல் அடம்பிடிக்கும் மாடுகளை ஊசி போட்டு வழிக்குக் கொண்டுவருவது அவர் வேலை. ஆஸ்பத்திரி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், 'ஆராய்ச்சியில் பங்கேற்பாளர்' என்று மரியாதையாகக் கூப்பிட்டதும் புது மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டார். வாரத்துக்கு ஒருமுறையாவது அவர் நெஞ்சில் ஒரு டாக்டர் கை வைப்பது அந்த ஒரு வார்த்தையின் புண்ணியத்தில்தான்.

பக்கத்தில் அவர் மனைவி. நடக்காதவர்களை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் போன ரத்தம் அந்த அம்மாள் முகத்துக்கு இன்னும் திரும்பவில்லை. நீக்கிவிட்டால் இந்த மனிதரை இன்னொரு டாக்டர் முன்னால் உட்காரவைக்க ஆண்டவனே வந்தாலும் முடியாது.

மாட்டு டாக்டருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. முதல் நாள் பட்டையைப் பார்த்ததும் அவருக்கு வந்தது அவமானம்.

காரணம், பண்ணையில் மாடுகளின் காலில் அவர் கட்டுவதும் அச்சு அசல் அதே பட்டைதான். பருவத்துக்கு வந்த மாடு நிலைகொள்ளாமல் நடக்கும். கோடு எகிறினால் மாடு தயார் என்று அர்த்தம். முப்பது வருடமாக மாட்டுக்குச் செய்ததைக் கடைசியில் அவருக்கே செய்தால் கோபம் வராதா?

கோபம் தணிந்ததும் மூளை வேலை செய்தது. பண்ணைப் பட்டைகள் ஒன்றுவிடாமல் செத்துப்போய்விட்டன. செத்தது செத்தபடியே மாடுகளின் காலில் தொங்கிக்கொண்டிருந்தன. புதிது வேண்டும் என்ற வேண்டுகோள் மேலிடத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் ஆஸ்பத்திரியே சும்மா ஒன்றைக் கொடுத்தால் விடுவாரா?

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் அதைக் கொடுத்து, மகாராணியின் காலில் கட்டிவிட்டு வரச் சொன்னார். எந்த ஊசிக்கும் மசியாமல் அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்த மாட்டுக்குப் பண்ணையில் அதுதான் பெயர். மாடு எப்படியும் நடக்கும். இவர் நடந்த கணக்கும் ஆகும், ஊசியின் கணக்கும் தெரியும். தானே கட்டியிருப்பார். குனிந்தால் மூச்சு வாங்கியது.

"அபாரம் சார்! பயிற்சி வேலை செய்யுது. நான் சொன்னப்ப ஒருத்தர்கூட நம்பலையே!"

இதய டாக்டர் மேசையைத் தட்டினார். மனதுக்குள் கட்டுரை எழுதி, கைதட்டல் வாங்கி, மேடையிலிருந்தும் இறங்கியாகிவிட்டது.

மாட்டு டாக்டர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கோட்டையே பார்த்தார். இந்த மாதிரி ஒரு கோட்டுக்காகத்தான் அவர் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தார்.

"வந்துட்டா! மகாராணி பருவத்துக்கு வந்துட்டா! என் ஊசி பலிச்சிருச்சு!"

இதய டாக்டர் விழித்தார். மாட்டு டாக்டர் எல்லாவற்றையும் உளறிக்கொட்டினார். கொஞ்சமும் வெட்கமில்லாமல், பட்டை தன் காலில் ஒரு நாள்கூட இல்லை, மாட்டின் காலில்தான் இருந்தது என்று விளக்கமும் கொடுத்தார். ஒரே கோட்டை வைத்துக்கொண்டு ஒருவருக்குக் கல்யாணக்களை, இன்னொருவருக்குச் சாவுக்களை.

இதய டாக்டர் பட்டியலில் மாட்டு டாக்டரின் பெயரைத் தேடி, நீக்குவதற்காகக் கையைக் கொண்டுபோனார்.

"மாட்டுக்குக் கட்டலைங்க."

அதுவரை வாயே திறக்காத மனைவிதான். இரண்டு ஆராய்ச்சிக்காரர்களும் திரும்பினார்கள்.

"மாடு அதை எங்கேயாவது தொலைச்சிட்டு வந்து நின்னா இவரைச் சேர்த்துக்க மாட்டீங்களோன்னு பயம். என் கால்லயே கட்டிக்கிட்டேன்."

மாட்டு டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. பாவம், ஒரு ஊசி வீண். அப்படியானால் செவ்வாய்க்கிழமை ராத்திரி மட்டும் கோடு ஏன் இப்படி எகிற வேண்டும் என்று மனைவியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். அன்றைக்குத் தான் அடித்துப் போட்டமாதிரி தூங்கியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. இதய டாக்டரைப் பார்த்தே பதில் சொன்னார்.

"தூங்கும்போது இவருக்கு மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. எழுப்பினா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு கத்துவாரு, அந்தக் கத்தலே இவருக்கு ஆகாதுன்னு விட்டுட்டேன். உட்கார முடியலை. ஜன்னலுக்கும் கட்டிலுக்குமா நடந்துக்கிட்டே, நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

நீக்கப்போன கை அப்படியே நின்றது.

மாட்டு டாக்டர் திரையைப் பார்த்தார். கோடு விடியும்வரை ஓர் இடத்தில்கூட இறங்கவில்லை.