வழக்கமான ஆள்

தங்கவேல் அவள் தலைமுடியைப் பிடித்து, முகத்தை ஏடிஎம் கண்ணாடிக் கதவில் மோதினான்.

கண்ணாடி உடையவில்லை. கங்கம்மாவின் உதடு கிழிந்தது.

"இன்னாடி, நம்பர மாத்திட்டியா?"

"நம்ம கயலு மேல சத்தியமா அதான்யா நம்பரு."

உண்மைதான். குப்பத்து வீட்டிலேயே அவளுடைய சுண்டுவிரலை ஒடித்துத்தான் அந்த நம்பரை வாங்கியிருந்தான். ஒரே தடவையில் எவ்வளவு வருமோ அவ்வளவும் கேட்டான். இயந்திரம் மறுத்துவிட்டது.

மகள் கயல் நர்சிங் படிக்க, மீன் விற்றுச் சேர்த்த பணம்.

நாயோடு பணம் எடுக்க வந்த ஒருவர் உள்ளே பார்த்தார். நாயை இழுத்துக்கொண்டு அடுத்த ஏடிஎம்முக்குப் போனார்.

பெருங்குடியில் ஒரு குளிர்ந்த அறையில் அந்த வங்கியின் பெரிய கணினி ஓடிக்கொண்டிருந்தது. கணக்குப் போடும் சில்லுக்குள்ளேயே அதற்குச் செயற்கை நுண்ணறிவையும் வைத்திருந்தார்கள். நோட்டு வெளியே வருவதற்குள், கண் இமைக்கும் நேரத்தில், எடுப்பது வழக்கமான ஆள்தானா என்று அது பார்த்துவிடும்.

வழக்கமான ஆள் விடியற்காலையில் வரும். முதலில் மீதி எவ்வளவு என்று பார்க்கும். அப்புறம், ஏலத்தில் மீன் எடுக்கவும் ஐஸ் வாங்கவும் வேண்டியதை மட்டும் எடுக்கும். வருடக்கணக்காக இப்படித்தான்.

உச்சி வெயிலில் வந்து மொத்தமாக வாருகிற ஆளை அதற்குத் தெரியாது.

வயிற்றில் உதை விழுந்தது. கங்கம்மா சரிந்தாள். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

"எட்றீ. பேங்க்காரனா இருந்தா துட்ட வுடச் சொல்லு." அவள் கழுத்தில் காலை வைத்துக்கொண்டு நின்றான்.

காதில் பதிவு செய்த பெண் குரல், அலுங்காமல் பேசியது.

"வணக்கம், தங்கவேல் அவர்களே. உங்கள் கணக்கிலிருந்து இப்போது பணம் எடுக்க முயல்வது நீங்கள்தானா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும். கார்டு முடக்கப்படும்."

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் குடும்பத் தலைவர் பேரில்தான் வரும் என்று சொல்லி, என்றோ திறந்த கணக்கு அது. திறந்த பிறகு அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. போன் நம்பர் மட்டும் அவளுடையது.

கழுத்தில் கால் இன்னும் அழுந்தியது.

"இன்னா சொல்றான்?"

கங்கம்மா ஒடியாத விரலால் இரண்டை அழுத்தினாள்.