இரண்டாவது மருமகள்

காலையில் எழுந்ததும் தண்ணீர் சுட வைக்கிறேன். பல் துலக்குகிறேன். தேநீர் ஆறும் வரை, முந்தின இரவு டீவியில் போன சீரியலை போனில் பார்க்கிறேன்.

சீரியல் எனக்குப் பிடிக்காது. என் மனைவி வதனி இறந்த மறுநாளிலிருந்து பார்க்கிறேன். ஒரு நாளும் விடவில்லை.

முடிந்ததும் கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கிறேன். சட்டை போடுகிறேன். லுணுகலையில் பதுளை பஸ் ஏறுகிறேன். பதுளையில் ஒரு பள்ளியில் படிப்பிக்கிறேன்.

வதனி பதுளையில் மனநலக் கிளினிக் தாதியாக இருந்தாள். இதே பஸ்ஸில்தான் சேர்ந்து போவோம். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் அவளைச் சுற்றிக்கொள்வார்கள். எப்போதும் சீரியல் பேச்சுத்தான்.

"மிஸ், மூத்த மருமக ஏன் ராவெல்லாம் கதவப் பூட்டிப் பூட்டிப் பாக்குறா?"

"அது கிறுக்கு இல்லக்கா. காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம். மருந்து இருக்கு. வியாழக்கிழமை கிளினிக்குக்கு வரட்டும்."

"சீரியல்காரிக்கும் கிளினிக் துண்டு எழுதிக் குடுப்பியா?" என்று ஒருமுறை கேட்டேன். பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

இன்று குணமணி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொழுந்து பறிப்பவர். வேலைக்குப் போகாமல் என்னைத் தேடித்தான் ஏறியிருக்கிறார்.

"சார், சீரியல்ல அந்த ரெண்டாவது மருமக இருக்காள்ல? புள்ள பெத்து ரெண்டு மாசமாச்சு. இன்னும் தொட மாட்டேங்குறா. மிஸ் வாங்கிக் குடுத்த மாத்திரையும் முடிஞ்சிருச்சு. பேய் புடிச்சிருக்குன்னு மாமியாக்காரி பூசாரிய வரச் சொல்லியிருக்கா. நேத்து வெள்ளன தனியாப் போயி ஆத்தோரமா நின்னா, சார்."

நேற்றைய கதையை இன்று காலைதான் பார்த்தேன்.

அந்தச் சீரியலில் இரண்டாவது மருமகளுக்குக் குழந்தையே இல்லை.

சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. முன் சீட்டில் இருந்த பெண்கள் திரும்பவில்லை, ஆனால் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

அவருடைய மகளுக்குப் பிரசவம் ஆனது எனக்குத் தெரியும். தோட்டத்துக்கே தெரியும். அதற்கு மேல் யாரும் எதுவும் சொன்னதில்லை.

அன்று பஸ்ஸில் சிரிக்க வைத்த என் பகிடி ஞாபகம் வந்தது. எனக்கு மட்டும் புரியவில்லை என்று தெரிந்தே, அவர்கள் எல்லோரும் எனக்காகச் சிரித்திருக்கிறார்கள்.

"இன்னைக்கு வியாழக்கிழமைதானே," என்றேன். "எழும்புங்கக்கா. திரும்பிப் போய் அவளைக் கூட்டிட்டு வருவோம்."

"சீரியல்ல வர்றவளையா, சார்?" என்று கேட்டார், பழக்கத்தில்.

"ஆமாக்கா. அவளத்தான்."

அடுத்த பஸ் ஹோல்டில் இறங்கினோம். ரோட்டைக் கடந்து, லுணுகலைக்குப் போகும் பஸ்ஸுக்காக மழையில் நின்றோம். அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

வதனிக்கு டெங்கு. நாலே நாளில் எல்லாம் முடிந்தது. கடைசியாக என் பெயரைச் சொன்னாள் என்று செத்த வீட்டில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அவளுடைய அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அவள் என் பெயரைச் சொல்லவில்லை. காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்து, தலையைத் தடவி, சரி சரி என்றேன். அவள் சொன்னது இதுதான்:

"சீரியல விடாமப் பாருங்க. ரெண்டாவது மருமக புள்ளையத் தூக்குனாளான்னு எனக்கு வந்து சொல்லுங்க."