யோகராணி சொல்லாத பெயர்

"உங்கள் கணவரின் பெயர் என்ன?"

தேசியப் பூங்காவின் காவலரான ரேஞ்சர் இரண்டாவது முறையாகக் கேட்டார். யோகராணி வாயைத் திறக்கவில்லை. சாவி வளையத்தோடு கார்த் திறப்பைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி செம்மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரேஞ்சருக்குச் சந்தேகம் தட்டியது. கணவனைக் காணவில்லை என்று தலைதெறிக்க ஓடிவந்தவள் அவன் பெயரைச் சொல்ல மறுத்தால் யாருக்குத்தான் தட்டாது?

அவள் மறைக்கவில்லை, பாவம். கலியாணமாகி எட்டு வருடமாகியும் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுள் குறையும் என்று யாழ்ப்பாணத்தில் சொல்லி வளர்த்திருந்தார்கள். மெல்பேர்ணுக்கு வந்து, கால்சட்டை போடப் பழகி, கடைக்காரனோடு ஆங்கிலத்தில் பேரம் பேசவும் பழகிவிட்டாள். அந்தப் பயம் மட்டும் போகவில்லை. ஆளையே காணாத இந்த நேரத்திலா அவள் துணிந்து சொல்லப்போகிறாள்?

கடைசியில் புழுதி படிந்த ஹோல்டன் காரின் முன்பக்கப் பொனற்றில் விரலால் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினாள். விக்னராஜா.

வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்து அவரையும் நிறுத்தியதிலிருந்து விக்னராஜா வீட்டில் சிரித்ததில்லை. கதிரையில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடிதான். அப்படிப்பட்ட மனிதர் போன கிழமை திடீரென்று, "ராணி, வெளிக்கிடும். பாலைவனம் பாத்துக்கொண்டு வருவம்" என்றார். இரவல் கூடாரம் ஒன்றைக் காரில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பூங்காவாக, சிவந்த மலைப்பிளவுகளைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்.

வழி நெடுக அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கினார். "கிளச்சை மெல்ல விடும். பயப்பிடாதேயும்" என்று பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தார். அவள் எத்தனை பிழை விட்டாலும் ஏசவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டு அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பழைய மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தாள்.

இன்று விடியத் தேத்தண்ணி குடித்தார். திறப்பை அவள் கையில் கொடுத்தார். "கொஞ்சத் தூரம் நடந்திட்டு வாறன்" என்று மலைப்பிளவுக்குள் போனார். தண்ணீர்ப் போத்தலை எடுத்துப்போகவில்லை.

ரேஞ்சரும் பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரத் தம்பதியும் தேடக் கிளம்பினார்கள். "விக்னராஜா! மிஸ்டர் விக்னராஜா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். மலை "ராஜா... ராஜா..." என்று திருப்பிச் சொன்னது. வேறு பதில் இல்லை.

யோகராணி காலையிலிருந்து "இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அது சமைக்கும் குசினியிலிருந்து கூப்பிட்டால் முன்னறைக்கே சரியாகக் கேட்காத குரல். இப்போது அதுவும் கம்மிப்போய் வெறும் காற்றுத்தான் வந்தது.

வெயில் ஏறியது. ரேஞ்சர் வானத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். தண்ணீர் இல்லாமல் இந்தச் சூட்டில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான் என்பது அவருக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"பெயர் சரிதானே?" என்றார்.

தலையாட்டினாள். பிறகு, தான் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடும்படி இரண்டு கைகளையும் கூப்பிக் கேட்டாள். எழும்பாத குரலில் அந்த ஒரு சொல்லை அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"இது அவருடைய செல்லப் பெயரா?"

"இல்லை. எங்கட ஊரிலை மனுசிமார் புருஷன்மாரைக் கூப்பிடுறது."

செம்பட்டைத் தாடி வைத்த அந்தப் பெரிய மனிதருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் கைகளை வாயில் குவித்துக்கொண்டு, "இஞ்சாருங்கோ!" என்று ஒரு சத்தம் வைத்தார். பக்கத்துக் கூடாரத்துக் கிழவரும் மனைவியும் சேர்ந்துகொண்டார்கள். பாலைவனத்தில் மூன்று வெள்ளைக்காரர் நின்று "இஞ்சாருங்கோ" என்று கத்துவது சிரிக்கவேண்டிய காட்சிதான். யோகராணிக்கு அழுகைதான் வந்தது.

மேலே எங்கோ ஒரு கல் உருண்டது.

விக்னராஜா பாறைகளைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். முகமெல்லாம் புழுதி. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்லமுடியாத வாய். ரேஞ்சர் தண்ணீரைக் கொடுத்து முதுகில் தட்டினார். "இந்த இடத்தில் யாருக்கும் வழி தவறும்" என்று சொல்லிவிட்டு, புருஷனும் பெண்சாதியும் பேசட்டும் என்று மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு முன்னே நடந்தார்.

யோகராணிக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. "எவ்வளவு நேரமா உங்கட பேரைச் சொல்லிக் கூப்பிட்டவை! ஒண்டும் கேக்கேல்லையே?"

"எல்லாம் கேட்டது."

"கேட்டுமோ வரேல்லை?"

"அவங்கள் இஞ்சாருங்கோ எண்டு கத்தேக்கை, உம்மட குரல் அடைச்சுப் போட்டுது எண்டு விளங்கிச்சு. அதுதான் இறங்கி வந்தனான்."

"நல்ல வேலை செய்தீங்கள்! நீங்கள் வராட்டி இந்தக் கல்லுக்கும் முள்ளுக்கும் நடுவிலையிருந்து நான் எப்பிடித் தனிய வீட்டை போய்ச் சேந்திருப்பன்?"

விக்னராஜா அவள் கையிலிருந்த திறப்பைப் பார்த்தார்.

"அதுக்குத்தானே ராணி, உமக்குக் கார் பழக்கினனான்."